ஆள் கணக்கு வேறு, ஆட்டக் கணக்கு வேறு: கலப்பு நடனக் குழுவை அளப்பது எப்படி

போன வருஷம் எங்கள் குழுவைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். வடசென்னை தண்டையார்பேட்டையில் ஒரு சின்ன ஹாலில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆடுகிற குழு எங்களுடையது. "மொத்தம் 12 பேர், அதில் 5 பேர் மாற்றுத்திறனாளிகள்" என்று பெருமையாக எழுதிக் கொடுத்தேன். படித்தவர்களுக்கும் சந்தோஷம், எனக்கும் சந்தோஷம். அப்புறம் ஒரு ராத்திரி தூக்கம் வராமல் பழைய பிராக்டிஸ் வீடியோவை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீல்சேரில் வருகிற தங்கை அந்த 20 நிமிஷத்தில் முக்கால்வாசி நேரம் ஸ்பீக்கர் பக்கத்தில் இருந்து கை தட்டிக்கொண்டிருக்கிறாள். யாரும் அவளை ஒதுக்கவில்லை, அதுதான் கொடுமை. போகிறவன் வருகிறவன் எல்லாம் அவளைப் பார்த்துச் சிரிக்கிறான், ஒருவன் தண்ணீர் பாட்டில் கொடுக்கிறான், இன்னொருவன் ஃபேனை அவள் பக்கம் திருப்பி வைக்கிறான். ஆட மட்டும் கூப்பிடவில்லை. அந்த ஸ்டெப்பைப் போட்டுக் கொடுத்தது நான். வீடியோ எடுத்ததும் நான்தான்.

அதிலிருந்து ஆள் கணக்கை நம்புவதை விட்டுவிட்டேன். இப்போது ஆட்டத்தைக் கணக்கெடுக்கிறோம். ஒரு வருஷமாகத் தப்பும் தவறுமாகச் செய்து பார்த்து ஒரு மாதிரி முறைக்கு வந்திருக்கிறோம். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஒரு நோட்டு, ஒரு போன், சாக்பீஸ், ரெண்டு பொறுமைசாலிகள் இருந்தால் போதும்.

விதி எதுவரை உதவும்

நடன விளையாட்டில் கலந்து ஆடுவது புதுசு ஒன்றும் இல்லை. சக்கர நாற்காலி நடனம் சுவீடனில் 1968-ல் பொழுதுபோக்காகவும் உடல் தேறுவதற்காகவும் தொடங்கியது. 1977-ல் அங்கேயே வாஸ்தெரோஸ் நகரில் முதல் சர்வதேசப் போட்டி, 1998-ல் ஜப்பானில் முதல் உலகச் சாம்பியன்ஷிப். இன்றைக்கு பாரா டான்ஸ் ஸ்போர்ட் என்ற பெயரில் உலக அளவில் நடக்கிறது, ஆனாலும் பாராலிம்பிக் போட்டிகளில் இன்னும் இடம் கிடைக்கவில்லை. அதில் காம்பி என்று ஒரு பிரிவு உண்டு: ஒருவர் சக்கர நாற்காலியில், ஜோடி நின்று ஆடுபவர். ரெண்டு பேரும் சக்கர நாற்காலியில் ஆடினால் அது டுவோ. தனியாக ஆடுகிற பிரிவும் இருக்கிறது. வால்ட்ஸ், டேங்கோ, ரம்பா, சா சா சா என்று ஸ்டாண்டர்டில் ஐந்து, லத்தீனில் ஐந்து.

காம்பியில் ரெண்டு பேரும் தளத்தில் இருந்தே ஆக வேண்டும், விதி அப்படி. ஆகவே அங்கே "எத்தனை பேர்" என்ற கேள்விக்குப் பதில் எப்போதும் பாதிக்குப் பாதிதான், ஒரு சிக்கலும் இல்லை. ஆனால் நின்று ஆடுபவர் நாற்காலியைத் தள்ளுவண்டி மாதிரி உருட்டிக்கொண்டு போய் தன் திறமையை மட்டும் காட்டுகிறாரா, இல்லை ரெண்டு பேரும் ஒருவரை ஒருவர் இழுத்துத் திருப்பி ஒரே ஆட்டமாக ஆடுகிறார்களா என்பதை அந்தப் பாதி சொல்லாது. நம்ம ஏரியாவில் ஆடுவது பெரும்பாலும் குத்தும் ஹிப்ஹாப்பும்தான், நடுவில் யாராவது யூடியூப் பார்த்துவிட்டு சா சா சா கேட்பார்கள். இங்கே காம்பி விதியும் கிடையாது, நடுவரும் கிடையாது. எல்லாம் நாமே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

யாரை எந்தக் கணக்கில் சேர்ப்பது

முதல் வேலை, உட்கார்ந்து பேசுவது. எதை அளக்கப் போகிறோம், வீடியோவை யார் பார்ப்பார்கள், எப்போது அழிப்போம் என்று எல்லாரிடமும் சொல்லிச் சம்மதம் வாங்குங்கள். வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் அவரைக் கணக்கில் சேர்க்காமல் விடுங்கள், ஆட்டத்தில் இருந்து விட்டுவிடாதீர்கள். இதை எழுத வேண்டியிருப்பதே சங்கடம்தான், ஆனால் நடக்கிறது.

அடுத்தது, யார் மாற்றுத்திறனாளி என்று எப்படி முடிவு செய்வது. அடையாள அட்டையைக் கேட்காதீர்கள். 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது, அரசுச் சலுகைகள் பலவற்றுக்கு 40 சதவீதம் என்ற வரம்பு இருக்கிறது. அதெல்லாம் சலுகைக்கான கணக்கு, நமக்கு அது வேண்டாம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் ஏறக்குறைய 11.8 லட்சம் பேர் என்று பதிவாகியிருக்கிறது. கேள்வியை எப்படிக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்து இந்த மாதிரி எண்ணிக்கையே மாறும்.

உலகம் முழுக்கப் பல கணக்கெடுப்புகளில் கேட்கிற ஆறு கேள்விகள் இருக்கின்றன, வாஷிங்டன் குழுவின் சிறு தொகுப்பு என்று பெயர். கண்ணாடி போட்டிருந்தாலும் பார்ப்பதில் சிரமம் உண்டா? கருவி வைத்திருந்தாலும் கேட்பதில்? நடப்பதில், படி ஏறுவதில்? ஞாபகம் வைத்துக்கொள்வதில், கவனம் வைப்பதில்? குளிப்பது, உடுத்துவது மாதிரி தன் வேலையைத் தானே செய்துகொள்வதில்? வழக்கமாகப் பேசுகிற மொழியில் சொல்லிப் புரியவைப்பதில், புரிந்துகொள்வதில்? ஒவ்வொன்றுக்கும் நாலு பதில்: சிரமமே இல்லை, கொஞ்சம் சிரமம், ரொம்பச் சிரமம், முடியவே முடியாது. ஏதாவது ஒன்றில் "ரொம்பச் சிரமம்" அல்லது அதற்கு மேல் என்றால் அந்தக் கணக்கில் வருவார்.

கேள்வித்தாளில் "ஊனம்" என்ற வார்த்தையே இல்லை, கவனித்தீர்களா? அதனால்தான் எல்லாரிடமும், நம்மிடமும் சேர்த்து, கூசாமல் கேட்கலாம். நாங்கள் கேட்டபோது "நார்மல்" கணக்கில் வைத்திருந்த ஒரு பையன் கேட்பதில் ரொம்பச் சிரமம் என்று குறித்தான். ஒரு வருஷமாக முன்னால் நிற்பவனின் தோளைப் பார்த்துத்தான் பீட் பிடித்திருக்கிறான், எங்கள் யாருக்கும் தெரியவில்லை. ஆனால் இந்த ஆறு கேள்விகளில் மனநலச் சிரமங்கள் சரியாகப் பிடிபடாது. அதற்காகக் கடைசியில் "வேறு ஏதாவது நாங்கள் தெரிந்துகொள்ள வேண்டுமா?" என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். கட்டாயம் இல்லை என்பதையும் அதிலேயே எழுதுங்கள்.

ஹாலுக்கு வெளியே தொடங்குங்கள்

அளப்பது என்றால் பாட்டுப் போட்ட பிறகுதான் என்று நினைக்கிறோம். வடசென்னையில் பாதிக் கணக்கு ரோட்டிலேயே முடிந்துவிடும். ஒரு மாதம், நாலு வாரம், ஒவ்வொருவரும் வந்து சேர்ந்ததும் மூன்று விஷயம் எழுதட்டும்: கிளம்பி எத்தனை நிமிஷம், எத்தனை ரூபாய், வழியில் எத்தனை பேர் கை கொடுக்க வேண்டியிருந்தது. மூன்றாவதை யாரும் கேட்பதில்லை, அதுதான் முக்கியம். வண்ணாரப்பேட்டையில் இருந்து விம்கோ நகர் வரை 2021-ல் மெட்ரோ வந்தது, லிஃப்ட் இருக்கிறது, ஸ்டேஷனுக்குள் பிரச்சினை இல்லை. ஸ்டேஷன் வாசலில் இருந்து ஹால் வரைக்குமான தூரத்தை யார் பார்ப்பது? பிளாட்பாரம் என்று இருப்பதில் பாதியைக் கடை பிடித்துக்கொள்ளும், மீதியில் பைக் நிற்கும். தாழ்தளப் பேருந்துகள் ஓடுகின்றன, ஆனால் நம்ம ரூட்டில் அது எத்தனை மணிக்கு வரும் என்று பார்த்து பிராக்டிஸ் நேரத்தை வைத்திருக்கிறோமா? நாங்கள் வைக்கவில்லை. மழை வந்தால் வியாசர்பாடி பக்கம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கும், நடக்கிறவன் சுற்றிக்கொண்டு வந்துவிடுவான், வீல்சேரில் வருபவருக்கு அன்றைக்கு லீவு. வருகைப் பதிவேட்டில் ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி "ஆப்சென்ட்" போடாதீர்கள். "வர விரும்பவில்லை", "வர முடியவில்லை" என்று ரெண்டு கட்டம் போடுங்கள்.

எங்கள் கணக்கில், நடக்க முடிகிற பையன் ஷேர் ஆட்டோவுக்குக் கொடுப்பதைப் போலப் பல மடங்கு, வீல்சேரை மடக்கி ஏற்றத் தனி ஆட்டோ பிடிக்கிற தங்கைக்கு ஆகிறது. ரெண்டு பேரிடமும் ஒரே மாதச் சந்தா வாங்கிக்கொண்டு "எல்லாருக்கும் சமம்" என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

அப்புறம் கட்டடம். இதை ஒரே நாளில் முடித்துவிடலாம், டேப் போதும். சரிவுப்பாதைக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு என்பது கணக்கு, அதாவது 15 சென்டிமீட்டர் உயரப் படிக்கு 180 சென்டிமீட்டர் நீளம் வேண்டும். எங்கள் ஹால் முன்வாசலில் அப்படி ரெண்டு படி, சரிவு போட்டால் 360 சென்டிமீட்டர், கிட்டத்தட்ட 12 அடி. தெருவே அவ்வளவுதான் அகலம். பின்வாசலில் ஒரே படி இருப்பது அளந்த பிறகுதான் கண்ணில் பட்டது, அங்கே பலகை போட்டோம். ஆனால் ஒருவரை மட்டும் பின்வாசல் வழியாக அனுப்புவது ஒரு மாதிரி இருந்தது, அதனால் எல்லாரும் அந்த வழியாகவே வருகிறோம். கதவு 90 சென்டிமீட்டராவது அகலம் இருக்க வேண்டும். வீல்சேர் ஒரு சுற்றுத் திரும்ப 150 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டம் வேண்டும், அதை சாக்பீஸால் தரையில் போட்டுப் பாருங்கள். பெஞ்சும் டீ டிரம்மும் எத்தனை வட்டங்களை விழுங்கியிருக்கின்றன என்று தெரியும். கழிவறையையும் அளந்துவிடுங்கள். பிராக்டிஸ் நாளில் காலையில் இருந்து தண்ணீரே குடிக்காமல் வருகிறவர் யாராவது இருந்தால் அதையும் எழுதுங்கள், பெண்களிடம் பெண்களே கேட்கட்டும்.

தளத்தில் நிமிஷக் கணக்கு

இனி நடு விஷயம். போனை ஜன்னல் மேல் உயரமாக வைத்து முழுத் தளமும் தெரியும்படி 20 நிமிஷம் எடுங்கள். வீட்டுக்குப் போய் 30 வினாடிக்கு ஒருமுறை நிறுத்துங்கள், 40 நிறுத்தம் வரும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒவ்வொருவருக்கும் ஒரு எழுத்து. ஆ: எல்லாரும் ஆடுகிற அதே ஆட்டத்தில் இருக்கிறார். த: தனியாக வேறு ஏதோ செய்துகொண்டிருக்கிறார். கா: காத்திருக்கிறார். ஓ: ஓய்வு எடுக்கிறார். பக்கத்தில் இடத்தையும் குறியுங்கள்: முன் வரிசை, நடு, பின், ஓரம். நடுவில் என்ன நடந்தது என்று யோசிக்க வேண்டாம், நிறுத்திய அந்த நொடியில் என்ன இருக்கிறதோ அதுதான்.

கா-வையும் ஓ-வையும் வீடியோ பார்த்துப் பிரிக்க முடியாது. வெளியில் இருந்து பார்த்தால் ரெண்டும் உட்கார்ந்திருப்பதுதான். பிராக்டிஸ் முடிந்ததும் அவரிடமே கேளுங்கள், "அப்போது களைப்பா, இல்லை உன் முறை வரவில்லையா?" என்று. "கால் வலி, நானாத்தான் உக்காந்தேன்" என்றால் ஓ. ஓய்வைக் குறையாக எண்ணினால் களைத்தவரைக்கூட எழுப்பி ஆடவைக்கத் தொடங்கிவிடுவோம்.

கூட்டிப் பார்க்கும்போது சராசரியை மட்டும் போடாதீர்கள். உதாரணத்துக்கு, ஐந்து மாற்றுத்திறனாளிகளின் ஆ எண்ணிக்கை 9, 11, 14, 26, 30 என்று வைத்துக்கொள்வோம். சராசரி 18, கேட்பதற்குப் பரவாயில்லை போல இருக்கும். வரிசையாக எழுதி நடுவில் இருப்பதை எடுத்தால் 14. மற்ற ஏழு பேருக்கு 25, 27, 28, 29, 31, 31, 33 என்றால் நடு எண் 29. பாதிகூட இல்லை. அதைவிட, ஐந்து எண்களையும் அப்படியே வரிசையாகப் பார்த்தாலே விஷயம் தெரிகிறது: ரெண்டு பேர் முழுசாக ஆடுகிறார்கள், மூன்று பேர் ஓரத்தில் இருக்கிறார்கள். எங்கள் குழுவிலும் ஏறக்குறைய இப்படித்தான் இருந்தது. கட்டை ஊன்றி நடக்கிற அண்ணன் எல்லாரையும்விட வேகம், மேடையில் அவரைக் காட்டித்தான் கைதட்டு வாங்குவோம், அவர் நிழலில் மற்ற மூன்று பேர் மறைந்துபோனார்கள்.

ரெண்டு பேர் தனித்தனியாகக் குறிக்க வேண்டும், ஒருவர் மாற்றுத்திறனாளியாக இருந்தால் நல்லது, என்னைக் கேட்டால் கட்டாயம். ஐந்தில் நான்கு இடத்திலாவது ரெண்டு பேரும் ஒரே எழுத்தைப் போட்டிருந்தால் கணக்கை நம்பலாம் என்பது பொதுவாகச் சொல்கிற அளவு. ஒத்துப்போகாத இடங்களை அழித்துவிடாதீர்கள், அங்கேதான் சரக்கு இருக்கிறது. ஒரு நிறுத்தத்தில் வீல்சேர் தங்கைக்கு நான் கா போட்டேன், கூடக் குறித்த அண்ணன் ஆ போட்டார். திருப்பிப் பார்த்தோம். அவளுடைய இடது தோள் மட்டும் பீட்டுக்கு ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது, சரியாக, ஒரு கவுண்ட்கூட விடாமல். நான் காலைப் பார்த்துக் குறித்திருக்கிறேன், அவர் ஆட்டத்தைப் பார்த்துக் குறித்திருக்கிறார். பழைய தாள்களை எல்லாம் எடுத்து மறுபடி எண்ண வேண்டியதாயிற்று.

ஸ்டெப் நோட்டு: மாறியது யார்?

ஒவ்வொரு பாட்டுக்கும் ஸ்டெப் போடும்போது ஒரு பக்கம் ஒதுக்குங்கள். ஒரு ஸ்டெப் யாரோ ஒருவருக்குச் சரிவரவில்லை என்றால் மூன்றில் ஒன்று நடக்கும். அவர் அந்த இடத்தில் நிறுத்திக்கொள்வார். அல்லது அவருக்கு மட்டும் வேறு ஸ்டெப் கொடுப்போம். அல்லது எல்லாருக்குமே ஸ்டெப் மாறும். இந்த மூன்றுக்கும் ஒவ்வொரு கட்டம், எட்டு கவுண்டுக்கு ஒரு கோடு. ரெண்டாவது கட்டம் தப்பில்லை, ஆனால் பாட்டு முழுக்க அந்தக் கட்டத்திலேயே கோடு விழுந்தால் ஒரே மேடையில் ரெண்டு ஆட்டம் நடக்கிறது என்று அர்த்தம்.

மூன்றாவது கட்டம் எப்படி விழும் என்பதற்கு ஒரு உதாரணம். குத்துப் பாட்டில் முட்டி போட்டு எழுகிற ஸ்டெப் ஒன்று வைத்திருந்தேன். வீல்சேரில் அது கிடையாது. அவளையே கேட்டேன், "அந்த இடத்தில் உன்னால் என்ன முடியும்?" ஒரு சக்கரத்தை முன்னுக்கும் இன்னொன்றைப் பின்னுக்கும் ஒரே நேரத்தில் தள்ளி நின்ற இடத்திலேயே சுழன்று காட்டினாள், சுழன்று சடாரென்று நிறுத்தினாள். அந்த நிறுத்தம் இருக்கிறதே, அதில் இருந்த அடி எங்கள் முட்டி ஸ்டெப்பில் இல்லை. இப்போது எல்லாரும் அந்த இடத்தில் சுழன்று நிற்கிறார்கள், நிறுத்தத்தில் மற்றவர்கள்தான் தடுமாறுகிறார்கள், அவள் தடுமாறுவதில்லை. காது கேளாதவர்களுக்கும் இப்படித்தான். ஸ்பீக்கரை ஸ்டாண்டில் இருந்து இறக்கி மரப்பலகை மேல் வைத்தால் பேஸ் காலில் ஏறும், கவுண்டை வாயால் கத்துவதோடு கையாலும் காட்டினால் பின் வரிசையில் இருக்கிற எல்லாருக்கும் உதவும். மனதில் வைத்துக்கொள்ளச் சிரமப்படுகிற தம்பிக்காக ஸ்டெப்புக்கு எண்ணுக்குப் பதில் பெயர் வைத்தோம்: வலை இழு, துடுப்புப் போடு, ரயில் கேட் மூடு. காசிமேட்டுப் பையன்கள் வலை இழுக்கிற ஸ்டெப்பில் எங்களைத் திருத்தினார்கள், அப்படி இழுத்தால் வலை அறுந்துவிடுமாம்.

இதே பக்கத்தின் கீழே இன்னொரு எண்ணிக்கை. நாற்காலியை யாராவது கேட்காமல் தொட்டால், தள்ளினால், ஒரு புள்ளி. ஆடுகிறபோது நாற்காலி அவருடைய உடம்பில் ஒரு பகுதி. நின்று ஆடுகிற பெண்ணின் இடுப்பைக் கேட்காமல் பிடித்துத் திருப்புவார்களா?

திருத்துகிறோமா, பாராட்டிவிட்டுப் போகிறோமா?

எனக்கு ரொம்ப உறைத்த அளவு இதுதான். வீடியோவின் சத்தத்தை மட்டும் கேளுங்கள், மாஸ்டர் யாரிடம் என்ன சொல்கிறார் என்று எண்ணுங்கள். "சூப்பர்" ஒரு பக்கம். "திரும்பப் பண்ணு, கை லேட்டா வருது" மாதிரி இன்னொரு பக்கம். என்னுடைய குரலை நானே எண்ணினேன். மற்றவர்களுக்குத் திருத்தம் மேல் திருத்தம், நடுவில் ஒரு "சூப்பர்". மாற்றுத்திறனாளிகளுக்கு எல்லாமே "சூப்பர்", திருத்தம் விரல் விட்டு எண்ணலாம். யாரிடம் இன்னும் நன்றாக ஆட முடியும் என்று எதிர்பார்க்கிறோமோ அவரைத்தான் திருத்துவோம். வெறும் "சூப்பர்" என்றால் "நீ வந்ததே போதும்" என்று சொல்வது மாதிரி. இதே கணக்கைப் பரிசுக்கும் போடலாம். நம்ம ஏரியா விழாக்களில் மாற்றுத்திறனாளி ஆடினால் கையில் கிடைப்பது எப்போதும் "ஊக்கப் பரிசு". கடைசி நாலு நிகழ்ச்சியை எழுதிப் பாருங்கள், முதல் மூன்று இடத்துக்கான பட்டியலில் அவர்கள் பெயர் பேச்சுக்காவது வந்ததா என்று.

யார் யாரைத் தேர்ந்தெடுக்கிறார்கள்

ஒரு சீட்டில் ஒவ்வொருவரும் எழுதட்டும்: "அடுத்த பாட்டில் ஜோடி ஆட யாரைக் கூப்பிடுவாய்? மூன்று பெயர்." எழுதச் சிரமம் என்றால் போட்டோக்களைக் காட்டித் தொடச் சொல்லுங்கள். யாருக்கும் காட்ட மாட்டோம் என்று சொல்லிவிட்டு, உண்மையிலேயே யாருக்கும் காட்டாதீர்கள். ஒரு பேப்பரில் 12 வட்டம் போட்டு அம்புக்குறி இழுங்கள்.

எத்தனை அம்பு குறுக்கே போனால் நல்லது? இதற்கு மனசில் தோன்றுவதைச் சொல்ல வேண்டாம், கணக்கே போடலாம். உதாரணத்துக்கு, 12 பேரில் 5 மாற்றுத்திறனாளிகள், 7 மற்றவர்கள் என்று வைத்துக்கொள்வோம். மற்றவர்களில் ஒருவரை எடுத்தால், அவரைத் தவிர 11 பேர், அதில் 5 பேர் மாற்றுத்திறனாளிகள். கண்ணை மூடிக்கொண்டு மூன்று பெயர் எழுதினாலும் 3 பெருக்கல் 5 வகுத்தல் 11, சுமார் 1.4 பெயர் அந்தப் பக்கம் விழ வேண்டும். ஏழு பேருக்குமாக 21 அம்பில் ஒன்பது, பத்து. அந்த இடத்தில் மூன்றோ நாலோதான் விழுந்திருந்தால் ஏதோ தடுக்கிறது. எதிர்த் திசையிலும் போடுங்கள்: ஐந்து பேரின் 15 அம்பில் ஒன்பது, பத்து மற்றவர்கள் பக்கம் விழ வேண்டும். எங்கள் குழுவில் மாற்றுத்திறனாளிகளிடம் இருந்து மற்றவர்கள் பக்கம் நிறைய அம்பு, மற்றவர்களிடம் இருந்து அவர்கள் பக்கம் கொஞ்சம்தான். ரெண்டு பக்கமும் பரஸ்பரம் கூப்பிட்ட ஜோடிகளைத் தனியாக எண்ணுங்கள். அப்புறம் ஒரு வரி, ஏன் என்று. "பாவம், யாரும் கூப்பிட மாட்டாங்க" என்று எழுதியிருந்தால் அந்த அம்பை வேறு கலரில் போடுங்கள். "அவளோட திருப்பம் எனக்கு வேணும்" என்பதும் இதுவும் ஒரே அம்பு ஆகாது.

கேட்கும்போது

கேள்வித்தாளை நீளமாக்காதீர்கள். "சந்தோஷமாக இருந்ததா?" என்று மாஸ்டர் கேட்டால் யாராக இருந்தாலும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள், அதை எழுதி வைத்து ஒரு பிரயோசனமும் இல்லை. நடந்ததைக் கேளுங்கள். இந்த மாதம் நீ சொன்ன ஏதாவது ஒன்று ஆட்டத்தில் மாறியதா? பாட்டை யார் தேர்ந்தெடுத்தார்கள்? பிராக்டிஸ் முடிந்து டீக்கடைக்குப் போகும்போது நீயும் போனாயா? உன் உடம்புக்கு முடியாததைச் செய்யச் சொன்னபோது மறுத்துச் சொல்ல முடிந்ததா? எல்லாரிடமும் இதே கேள்விகள், மாற்றுத்திறனாளிகளிடம் மட்டும் கேட்டால் ஒப்பிட ஒன்றும் இருக்காது. டீக்கடைக் கேள்வியில்தான் நாங்கள் மாட்டினோம். கடை வாசலில் சாக்கடை மூடி ஒரு முழம் உயரம்.

அம்மா, அப்பா பதில் சொன்னால் அதைத் தனித் தாளில் வையுங்கள், பிள்ளையின் பதிலோடு கலக்காதீர்கள். சைகை மொழி தெரிந்தவர் இல்லாமல் காது கேளாதவரிடம் எழுத்தில் கேட்டால் அவருடைய தமிழ் எழுத்தைத்தான் அளப்பீர்கள். குழுவை விட்டுப் போனவர்களுக்கும், மாற்றுத்திறனாளிகள், மற்றவர்கள் என்று ரெண்டு வகையினருக்கும், ஒரு போன் போடுங்கள். இருப்பவர்களிடம் மட்டும் கேட்டால் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும்.

எழுதி வைக்கும்போது சதவீதம் வேண்டாம். ஐந்து பேரில் மூன்று பேர் என்பதை 60 சதவீதம் என்று எழுதினால் ஏதோ பெரிய ஆராய்ச்சி மாதிரி தெரியும், அடுத்த மாதம் ஒருவர் காய்ச்சலில் வராவிட்டால் அதுவே தலைகீழாகிவிடும். இன்னொன்று, குழுவில் பார்வையற்றவர் ஒருவர்தான் இருக்கிறார், "பார்வையற்றோர் பிரிவில் திருப்தி குறைவு" என்று எழுதினால் அது யார் என்று கூழ் விற்கிற ஆயாவுக்குக்கூடத் தெரிந்துவிடும். தாளை வெளியாட்களுக்கு அனுப்பும் முன் குழுவில் படித்துக் காட்டுங்கள். நாங்கள் படித்துக் காட்டியபோது கட்டை ஊன்றி நடக்கிற அண்ணன் கேட்டார், "மாஸ்டர், எங்களை இவ்ளோ எண்ணுறீங்களே, நீங்க எத்தனை தடவை எங்ககிட்ட ஸ்டெப் கேட்டீங்கன்னு எந்தக் கட்டத்துல இருக்கு?" இல்லை. இப்போது இருக்கிறது, ஸ்டெப் நோட்டில் நாலாவது கட்டம்.

எல்லாவற்றையும் முதல் வாரமே தொடங்கினால் நோட்டு மூன்றாவது வாரம் பழைய பேப்பர்க் கடைக்குப் போய்விடும். முதல் மாதம் வழிச்செலவும் 20 நிமிஷ வீடியோவும் மட்டும். ரெண்டாவது மாதம் ஸ்டெப் நோட்டு. அம்புக்குறிச் சீட்டை ஒருவரையொருவர் பெயர் தெரிந்து பழகிய பிறகு, மூன்றாவது மாதத்துக்கு மேல் வையுங்கள், மறுபடி ஆறு மாதம் கழித்து. வீடியோ எடுக்கும்போது போனில் பேட்டரி பார்த்துக்கொள்ளுங்கள், எங்களுடையது ரெண்டு தடவை பதினோராவது நிமிஷத்தில் அணைந்துபோயிருக்கிறது.